பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரிக்குக் கடன் வாங்கலாமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பயோகெமிஸ்ட்ரி பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், சர்க்கரை பார்க்க வந்தவர்கள் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே மகளின் மார்க்கைச் சொல்லி விவரம் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். சொந்தக்காரர்கள், கல்லூரி ஜூனியர்கள் வழியாக வரும் போன் தனிக் கணக்கு. கேட்பதெல்லாம் ஒரே சந்தேகங்கள்தான். நானும் இந்தப் படிப்பைக் கடன் வாங்கிப் படித்து, ஏழு வருஷம் கட்டி அடைத்தவள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

1. பயோகெமிஸ்ட்ரின்னா கெமிஸ்ட்ரியா பயாலஜியா? இதைப் படிச்சா லேப்ல வேலைதானா?

உடம்புக்குள் நடக்கும் வேதியியல். சாப்பிட்ட சோறு எப்படிச் சர்க்கரையாகிறது, கல்லீரல் என்ன செய்கிறது, என்சைம் எப்படி வேலை செய்கிறது, ஜீன் எப்படிப் புரதமாகிறது என்பதெல்லாம் வரும். தமிழில் உயிர்வேதியியல்.

லேப் மட்டும்தான் என்று இல்லை. மருந்துக் கம்பெனி, உணவுப் பரிசோதனை, மெடிக்கல் கோடிங், ஆராய்ச்சி என்று வழிகள் உண்டு. ஆனால் நர்சிங், பார்மசி மாதிரி இது பதிவு எண்ணோடு வரும் தொழில் படிப்பு இல்லை. கடன் வாங்கும் முன் மனதில் வைக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். பட்டம் கையில் வந்ததும் இன்ன வேலை என்று உங்களுக்காக எதுவும் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்காது.

2. மூணு வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?

சேரும் இடத்தைப் பொறுத்து மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அரசு கலை அறிவியல் கல்லூரியில் வருஷத்துக்குச் சில ஆயிரம்தான். அங்கே கடன் என்ற பேச்சே வேண்டாம். ஆனால் பயோகெமிஸ்ட்ரி எல்லா அரசுக் கல்லூரியிலும் கிடையாது. அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் இந்தப் பாடம் இருக்கும். ஒரே வளாகம், ஒரே கேட், கட்டணம் மட்டும் வேறு. விண்ணப்பிக்கும்போதே "இது எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?" என்று கேட்டுவிடுங்கள்.

சுயநிதியில் நான் பார்த்தவரை கட்டணம் வருஷத்துக்கு 30,000 முதல் 80,000 வரை. ஹாஸ்டல் சேர்ந்தால் லட்சத்தைத் தொடும், தாண்டவும் செய்யும். கீழே வரும் கணக்கெல்லாம் வருஷத்துக்கு 1 லட்சம், மூன்று வருஷத்துக்கு 3 லட்சம் என்று வைத்துப் போட்டது.

3. பேங்க்ல எவ்வளவு தருவாங்க? வீட்டுப் பத்திரம் கேப்பாங்களா?

இந்திய வங்கிகள் சங்கம் எல்லா வங்கிகளுக்கும் வகுத்துத் தந்த மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. அதற்காகத்தான் 2015-இல் மத்திய அரசு கடன் உத்தரவாத நிதி ஒன்றைத் தொடங்கியது. 4 லட்சம் வரை உங்கள் பங்காக எதுவும் போட வேண்டாம். அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நீங்கள் போட வேண்டும். அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடுவார்கள். கட்டாமல் விட்டால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் அவர்களுக்கும் சேர்ந்து விழும்.

கல்விக் கட்டணம், ஹாஸ்டல், பரீட்சைக் கட்டணம், புத்தகம், கம்ப்யூட்டர் எல்லாம் கடனில் வரும். ரசீது இல்லாமல் கேட்கும் நன்கொடைக்கு வராது.

4. படிக்கிற வரைக்கும் வட்டி இல்லைன்னு சொன்னாங்களே?

கட்ட வேண்டாம் என்பதைத்தான் வட்டி இல்லை என்று புரிந்துகொள்கிறார்கள். படிக்கும் காலமும், முடித்து ஒரு வருஷமும் தவணை கிடையாது. வட்டி மட்டும் முதல் செக் கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே ஓடுகிறது. இந்தக் காலத்தில் அது தனி வட்டி, வட்டிக்கு வட்டி இல்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

பொதுத்துறை வங்கிகளில் வட்டி 9 முதல் 11 சதவீதத்தை ஒட்டி இருக்கும், மாணவிகளுக்குப் பல வங்கிகளில் அரை சதவீதம் குறைவு. கணக்குக்கு 10 என்று வைப்போம். முதல் வருஷ லட்சத்துக்கு நாலு வருஷ வட்டி, இரண்டாவதற்கு மூன்று, மூன்றாவதற்கு இரண்டு. மொத்தம் 90,000. கட்டத் தொடங்கும் நாளில் உங்கள் கடன் 3 லட்சம் இல்லை, 3.9 லட்சம்.

இதில் ஒரு நல்ல வழி உண்டு. படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டலாம். முதல் வருஷம் மாதம் 833 ரூபாய், இரண்டாம் வருஷம் 1,667, மூன்றாம் வருஷத்திலிருந்து 2,500. அப்படிக் கட்டினால் வட்டியில் 1 சதவீதம் சலுகை தரும் வழக்கமும் உண்டு, உங்கள் கிளையில் கேளுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கணக்கில் விழுகிறது. முதல் வருஷ வட்டி அதிலேயே அடங்கிவிடும். ரீசார்ஜுக்கும் பிரியாணிக்கும் போகிற காசு அது, யோசித்துப் பாருங்கள்.

5. முடிச்ச உடனே என்ன சம்பளம் வரும்? உண்மையைச் சொல்லுங்க அக்கா.

நான் ஆள் எடுக்கும் இடத்திலும் உட்கார்ந்திருக்கிறேன், என் ஜூனியர்கள் சேரும் இடங்களையும் பார்க்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன். திருச்சி மாதிரி ஊரில் லேபில் பி.எஸ்சி. மட்டும் வைத்துச் சேர்ந்தால் கையில் 10,000 முதல் 13,000. சென்னையில் பெரிய லேப் என்றால் 15,000-ஐ ஒட்டி. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோய்க்குறிப்பைப் படித்து இன்ஷூரன்ஸுக்கான குறியீடு போடும் மெடிக்கல் கோடிங்கில் 14,000 முதல் 18,000. சி.பி.சி. என்ற சான்றிதழ்த் தேர்வை முடித்தால் அங்கே சம்பளம் சீக்கிரம் ஏறும். சென்னை, கோவை, திருச்சி மூன்றிலும் அந்தக் கம்பெனிகள் இருக்கின்றன. உயிரியல் படித்த பிள்ளைகளைத் தேடித்தான் எடுக்கிறார்கள்.

மருந்துக் கம்பெனி என்றால் சென்னை அருகே ஆலத்தூர், ஓசூர், புதுச்சேரி, அப்புறம் பெங்களூரு, ஐதராபாத். கேன்டீன், பஸ் உண்டு என்பதால் 15,000-இல் கையில் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் அவர்கள் முதலில் கூப்பிடுவது கெமிஸ்ட்ரிக்காரர்களையும் பி.பார்ம். முடித்தவர்களையும்தான். மருந்தில் என்னென்ன, எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. கருவியைத் தொட்டுப் பழகிய பயோகெமிஸ்ட்ரி மாணவருக்குத் தனி மரியாதை. மூன்றாம் வருஷ புராஜெக்ட்டை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டாமல் நிஜமாகச் செய்யுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான். இன்டர்வியூவில் நான் கேட்கும் முதல் கேள்வி, "ரத்தத்துலேர்ந்து பிரிச்ச சீரம் சிவந்து போயிருந்தா எந்த டெஸ்ட் தப்பாக் காட்டும்?" என்பது. சிவப்பணு உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்துவிடும், அளவு பொய்யாக ஏறிக் காட்டும். இது முதல் வருஷப் பாடம். பத்தில் மூன்று பேர் சொல்வார்கள்.

6. அந்தச் சம்பளத்துல கடனைக் கட்ட முடியுமா?

4-ஆம் கேள்வியில் வந்த 3.9 லட்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு வருஷத்தில் கட்டினால் மாதம் சுமார் 6,475 ரூபாய். பத்து வருஷம் என்றால் 5,155. திட்டம் அனுமதிக்கும் உச்சமான பதினைந்து வருஷம் என்றால் 4,190. ஆனால் பதினைந்து வருஷத்தில் கட்டி முடிக்கும்போது மொத்தம் 7.5 லட்சத்துக்கு மேல் போயிருக்கும். வட்டியைப் படிக்கும்போதே கட்டிவிட்டவருக்கு ஏழு வருஷத் தவணை 4,980 மட்டும். கடன் மாறவில்லை, வட்டியும் மாறவில்லை, மாதம் 1,500 ரூபாய் மிச்சம்.

என் கதை இது. 2010-இல் சேர்ந்து வருஷத்துக்கு 80,000 வீதம் 2.4 லட்சம் வாங்கினேன். அப்போது வட்டி 12.5 சதவீதம். 2014-இல் தவணை 5,900 ரூபாய், சம்பளம் 9,500. சம்பளம் 7-ஆம் தேதி வரும், தவணை 5-ஆம் தேதி எடுப்பார்கள். இரண்டு நாள் இடைவெளியில் கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பி, அதற்கு அபராதம் வேறு. நாலு மாதம் கழித்துத்தான் தேதியை 10-க்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்றே எனக்குத் தெரிந்தது. வீட்டில் தங்கி, அம்மா கட்டித்தந்த சோற்றை எடுத்துப் போனதால் தப்பித்தேன். சென்னையில் ரூம் எடுத்திருந்தால் முடிந்திருக்காது.

என் அளவுகோல் இதுதான்: தவணை கைக்கு வரும் முதல் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 15,000 சம்பளத்துக்கு 5,000. பி.எஸ்சி.க்கு மட்டும் என்றால் 2 லட்சத்துக்குள் கடனை நிறுத்தப் பாருங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு ஐம்பதாயிரமும் வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையில் கை வைக்கும். கிடைத்த முதல் வேலையில் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

7. பெரிய காலேஜ்ல சேர்ந்தா சம்பளமும் பெருசா இருக்காதா?

பி.எஸ்சி. மட்டத்தில் பெரிதாக இருக்காது. எங்கள் லேபில் 25,000 கட்டணக் கல்லூரிப் பிள்ளையும் லட்ச ரூபாய்க் கல்லூரிப் பிள்ளையும் ஒரே சம்பளத்தில்தான் சேர்கிறார்கள். மெடிக்கல் கோடிங்கிலும் அப்படித்தான். நல்ல கல்லூரியின் பலன் வேறு: ஒழுங்கான லேப், பாடம் நடத்தும் ஆசிரியர், மேற்படிப்புக்குத் தயார் செய்யும் சூழல். எம்.எஸ்சி. உறுதி என்றால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம்.

நூறு சதவீத வேலைவாய்ப்பு என்று பேனர் வைத்திருந்தால் போன வருஷம் பயோகெமிஸ்ட்ரி மாணவர்களுக்கு வந்த வேலைக் கடிதம் இரண்டைக் காட்டச் சொல்லுங்கள். வேறு துறைப் பிள்ளைகளின் ஐ.டி. வேலையைச் சேர்த்துக் கணக்குக் காட்டுவது வழக்கம்.

8. ஏம்மா, நகையை அடகு வெச்சுக் கட்டிட்டா ஆச்சு. பேங்குக்கு எதுக்கு அலையணும்?

அப்பா அம்மாக்கள் கேட்பது. முதல் வருஷத்துக்கு மட்டும், சீக்கிரம் மீட்கும் வழி தெரிந்திருந்தால் சரி. மூன்று வருஷப் படிப்புக்கு நகைக்கடன் பொருந்தாது. வருஷா வருஷம் வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டும், ஒரு வருஷம் தவறினால் ஏல நோட்டீஸ் வந்து நிற்கும். கல்விக்கடனில் நாலு வருஷம் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்.

இன்னொன்று. நகைக்கடன் அம்மாவின் பெயரில், அம்மாவின் தலையில் இருக்கும். கல்விக்கடன் பிள்ளை பெயரில் இருக்கும், ஒழுங்காகக் கட்டினால் பிள்ளைக்கு நல்ல சிபில் சேரும். படிக்கிறவருக்குப் பொறுப்பும் வரும். நகையைக் கடைசி அரணாக வைத்துக்கொள்ளுங்கள்.

9. டி.எம்.எல்.டி. படிச்சா சீக்கிரமே சம்பாதிக்கலாமே? இது எதுக்கு மூணு வருஷம்?

டி.எம்.எல்.டி. என்பது மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமோ. லேப் டெக்னீஷியன் ஆவதுதான் ஆசை என்றால், ஆமாம், அதுதான் நேர் வழி. இரண்டு வருஷத்தில் கையில் வேலை. ரத்தம் எடுக்கவும் கருவி ஓட்டவும் டிப்ளமோ பிள்ளைக்கு முதல் நாளே தெரியும். பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி பிள்ளைக்கு நாங்கள் ஆறு மாதம் சொல்லித்தர வேண்டும். ஆஸ்பத்திரிகளும் மருத்துவ ஆய்வக டிப்ளமோ இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கின்றன. நானே வேலையில் சேர்ந்த பிறகு டி.எம்.எல்.டி. படித்தேன். முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் பி.எஸ்சி. எம்.எல்.டி.யில் சேர்ந்திருப்பேனோ என்னவோ.

பயோகெமிஸ்ட்ரி பட்டத்தின் பலன் பட்டத்துக்கு மேலே படிக்கும்போதுதான் தெரியும். மேலே படிக்கும் எண்ணமே இல்லாமல், லேப் வேலைக்காக மட்டும், 3 லட்சம் கடன் வாங்கி இதைப் படிக்காதீர்கள். இவ்வளவு வெட்டென்று சொல்வதற்கு என் ஆசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

10. எம்.எஸ்சி. முடிச்சாத்தான் மதிப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. கடன் மேல கடன் வாங்கலாமா?

இதுதான் எல்லோரும் சறுக்கும் இடம். பி.எஸ்சி.க்கு 3 லட்சம், எம்.எஸ்சி.க்கு 2 லட்சம், ஆக 5 லட்சம் என்று வையுங்கள். தொடர்ந்து படிப்பதால் முதல் கடனின் தவணையையும் வங்கி தள்ளிப்போட்டது என்றால், கட்டத் தொடங்கும்போது முதல் லட்சத்துக்கு ஆறு வருஷ வட்டி ஏறியிருக்கும். எல்லாம் கூட்டினால் வட்டி மட்டும் 2 லட்சம், மொத்தக் கடன் 7 லட்சம். பத்து வருஷத்துக்கு மாதம் 9,250. எம்.எஸ்சி. முடித்தவருக்கு முதல் சம்பளம் நான் பார்த்தவரை 18,000 முதல் 25,000. என் மூன்றில் ஒரு பங்கு அளவுகோலில் இது நிற்கவில்லை.

இப்போது திருப்பிப் போட்டுப் பாருங்கள். பி.எஸ்சி.யை உள்ளூரில், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய், கடன் இல்லாமல் முடித்தார். எம்.எஸ்சி.க்கு மட்டும் 2 லட்சம் வாங்கினார். கட்டத் தொடங்கும்போது கடன் 2.5 லட்சம். ஏழு வருஷத் தவணை 4,150. 20,000 சம்பளத்தில் சிரமமில்லாமல் கட்டலாம். இரண்டு பேர் கையிலும் ஒரே பட்டம். அதனால் நான் கேட்பவர்களிடம் எல்லாம் சொல்வது ஒன்றே ஒன்று: பி.எஸ்சி.யை மலிவாக முடியுங்கள், கடன் வாங்கும் தெம்பை எம்.எஸ்சி.க்கு மிச்சம் வையுங்கள்.

எம்.எஸ்சி.யும் எங்கே என்பது முக்கியம். புதுச்சேரிப் பல்கலைக்கழகம், ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் இரண்டிலும் உயிர்வேதியியல் எம்.எஸ்சி. உண்டு, கியூட் முதுநிலைத் தேர்வு எழுத வேண்டும். ஐ.ஐ.டி.க்களுக்கு ஜாம் தேர்வு, அதில் பயோடெக்னாலஜி தாள் நமக்குப் பொருந்தும். பயோடெக்னாலஜி எம்.எஸ்சி.க்கு காட்-பி எழுதிப் போனால் மத்திய அரசு மாதம் 5,000 உதவித்தொகையும் தருகிறது. இங்கெல்லாம் இடம் கிடைத்தால் தனியார் கல்லூரிக் கட்டணத்தில் பெரும்பகுதி மிச்சம். நுழைவுத் தேர்வு எழுதச் சோம்பல்பட்டுப் பக்கத்திலேயே லட்ச ரூபாய் கட்டிச் சேர்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

11. பி.எஸ்சி.யோட வேலைக்குப் போயிடறேன். ரெண்டு வருஷ சம்பளம் கையில இருக்குமே?

நியாயமான கேள்வி. கோடிங்கில் 15,000-இல் சேர்ந்து அடுத்த வருஷம் 18,000 ஆனால் இரண்டு வருஷத்தில் சம்பாதிப்பது 3.96 லட்சம். எம்.எஸ்சி. போகிறவர் அதை இழக்கிறார், 2 லட்சம் செலவும் செய்கிறார். ஏறக்குறைய 6 லட்சம் பின்தங்கியிருக்கிறார். எம்.எஸ்சி.யால் மாதம் 6,000 கூடுதலாக வந்தாலும் அதை ஈடுகட்ட எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும்.

அதனால் சம்பளத்துக்காக மட்டும் எம்.எஸ்சி. போனால் கணக்கு உதைக்கும். ஆராய்ச்சி, கல்லூரி ஆசிரியர் வேலை, பெரிய மருந்துக் கம்பெனிகளின் ஆய்வுப் பிரிவு, இவற்றின் கதவு எம்.எஸ்சி. இல்லாமல் திறக்காது. அங்கே போக வேண்டும் என்றால் போங்கள். இரண்டு வருஷம் சம்பாதித்து, கடனை அடைத்துவிட்டுப் போகிறேன் என்பவர்களும் உண்டு. என் ஜூனியர்களில் அப்படிச் சொன்னவர்களில் திரும்பிப் படிக்கப் போனவர் ஒருவர்தான். மாதச் சம்பளத்துக்கு வீடு பழகிவிட்டால் விடாது.

12. ஜே.ஆர்.எஃப். கிடைச்சா மாசம் 37,000 வருமாமே? அதுலயே கடனை அடைச்சிடலாமா?

சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெற்று முனைவர் படிப்பில் சேர்ந்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, அதன்பின் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. எம்.எஸ்சி. கடைசி வருஷத்திலேயே எழுதலாம். இது கிடைத்தால் 10-ஆம் கேள்வியில் சொன்ன 9,250 தவணைகூடச் சமாளிக்கக் கூடியதுதான்.

ஆனால் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். லைஃப் சயின்ஸ் தாளில் போட்டி கடுமை, முதல் முறையில் வாங்குபவர்கள் குறைவு. கிடைத்த பிறகும் பணம் மாதாமாதம் ஒரே தேதியில் வராது. சில மாதம் வராமல் இருந்து பின்பு மொத்தமாக வரும், தவணையோ காத்திருக்காது. வாங்கும் முதல் மொத்தத் தொகையில் ஆறு மாதத் தவணையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

13. வெளிநாட்டுல எம்.எஸ்சி. பண்ணா ஒரே வருஷத்துல கடனை அடைச்சிடலாம்னு ஏஜென்ட் சொல்றார்.

அவருக்குக் கமிஷன் கல்லூரியிலிருந்து வருகிறது. 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக வீட்டையோ நிலத்தையோ அடமானம் கேட்பார்கள். வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் சில அடமானம் இல்லாமல் தரும், ஆனால் வட்டி அதிகம், படிக்கும்போதே கட்டச் சொல்வதும் உண்டு. அங்கே வேலை கிடைக்காமல் திரும்பி வந்தால் 5-ஆம் கேள்வியில் உள்ள சம்பளத்தில் அந்தக் கடனைக் கட்ட வேண்டும். அந்த ஒரு வரியை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள்.

வெளிநாடுதான் கனவு என்றால் முனைவர் படிப்புக்குப் போங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உயிரறிவியல் முனைவர் படிப்புக்குப் பெரும்பாலும் அவர்களே கட்டணத்தை ஏற்று உதவித்தொகையும் தருகிறார்கள். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்சி.க்கே கல்விக் கட்டணம் இல்லை, தங்கும் செலவுக்கான தொகையை மட்டும் முன்கூட்டியே முடக்கிக் காட்ட வேண்டும்.

14. இதுக்கு கவர்ன்மென்ட் வேலை ஏதாவது இருக்கா?

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கான விதிகளில் உயிர்வேதியியல் பட்டம் பெயர் சொல்லி இருக்கிறது. நிறையப் பேருக்கு இது தெரியாது. ஆனால் அறிவிப்பு எப்போதாவதுதான் வரும். குரூப் தேர்வுகளை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். குன்னூர் பாஸ்டர் நிறுவனம், அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம், சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் புராஜெக்ட் வேலைகள் வரும். அவை தற்காலிகம். இவற்றில் எதையும் தவணைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

15. பேங்க்ல போய்க் கேட்டா "பி.எஸ்சி.க்கெல்லாம் தர்றதில்லை"ன்னு அனுப்பிட்டாங்க.

வாய்வழியாகச் சொன்னதை ஏற்காதீர்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். அப்போது உங்கள் விண்ணப்பத்துக்கு எண் கிடைக்கும், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வரும். கல்விக்கடனை நிராகரிப்பதானால் கிளை மேலாளர் தன் மேலதிகாரியின் ஒப்புதலோடுதான் நிராகரிக்க வேண்டும் என்று 3-ஆம் கேள்வியில் சொன்ன வங்கிகள் சங்கத் திட்டமே சொல்கிறது. இதை மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள், நாற்காலி கிடைக்கும். எனக்கு மூன்றாவது கிளையில்தான் கிடைத்தது.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தேசியத் தரவரிசையில் உள்ள நிறுவனங்களில் சேர்ந்தால் அடமானமில்லாக் கடன் உண்டு. வீட்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து, வேறு உதவித்தொகை வாங்காவிட்டால், 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம். கல்லூரிகள் தரவரிசையில் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் நிறைய இருப்பதால், உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று சேரும் முன்பே பாருங்கள். முழு வட்டி மானியம் தரும் பழைய திட்டம் தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது. சாதாரண பி.எஸ்சி.க்கு அதை நம்ப வேண்டாம்.

16. எலெக்‌ஷன் வந்தா கல்விக்கடன் தள்ளுபடி ஆகிடும்னு சொல்றாங்களே, கட்டாம விட்டா என்ன?

தள்ளுபடி வரும் என்று கட்டாமல் விட்ட என் வகுப்புத் தோழிக்கு, கல்யாணமாகி வீட்டுக் கடன் கேட்டபோது சிபிலில் அந்த 1.8 லட்சம் எழுந்து நின்றது. வட்டியோடு கட்டித்தான் வீட்டுக் கடன் வாங்கினார். சம்பளம் போதவில்லை, வேலை போய்விட்டது என்றால் ஓடி ஒளியாமல் கிளைக்குப் போய் எழுத்தில் கேளுங்கள். வேலையில்லாக் காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்கத் திட்டத்தில் இடமுண்டு.

17. கடன் வட்டியை வருமான வரியில கழிச்சுக்கலாமாமே?

கழிக்கலாம், எட்டு வருஷம் வரை, பழைய வரி முறையில் மட்டும். 15,000 சம்பளத்துக்கு வரியே கிடையாது, எதில் கழிப்பீர்கள்? அப்பா பெயரிலும் கடன் இருந்து, அவர் வரி கட்டுபவராக இருந்து, அவரே வட்டியைக் கட்டினால் அவருக்குப் பலன் உண்டு.

18. நீட் கிடைக்கலை. சும்மா ஒரு வருஷம் பயோகெமிஸ்ட்ரில சேர்ந்துட்டு அடுத்த வருஷம் மறுபடி எழுதலாம்னு இருக்கேன். லோன் போட்டுக்கலாமா?

வருஷம் தவறாமல் இரண்டு பேராவது கேட்கிறார்கள். லோன் போடாதீர்கள். நடுவில் விட்டுவிட்டால் முதல் வருஷப் பணம் வட்டியோடு அப்படியே நிற்கும். மருத்துவ இடம் கிடைத்தால் புதுக் கடன் கேட்கும்போது இந்தப் பாதியில் நின்ற கடனையும் வங்கி பார்க்கும். கிடைக்காவிட்டால் கவனமில்லாமல் எழுதிய முதல் வருஷ அரியர்கள் காத்திருக்கும். கோச்சிங் கட்டணம் கல்விக்கடனில் வரவும் வராது.

சேர்ந்துதான் ஆக வேண்டும் என்றால் அரசுக் கல்லூரியில் சேருங்கள், போனாலும் சில ஆயிரம்தான் போகும். போன ஜூனில் இதே கேள்வியோடு வந்த பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன். அவள் அப்பா சுயநிதிக் கல்லூரிக்கு அன்றுதான் டி.டி. எடுத்து வைத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து, "கேன்சல் பண்ணா எவ்வளவும்மா பிடிப்பாங்க?" என்று கேட்டார். சில நூறுதான் சார், உடனே போங்க, நாலு மணிக்குக் கவுன்டரை மூடிவிடுவார்கள் என்றேன்.